மொத்த எடை

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த ஏழாவது மாதம் தம்பியின் எடை இரண்டு டன் நூற்று முப்பது கிலோ ஆனது. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. எடை போட்டவள் அவனுடைய அக்கா. அவளுக்கு வேலையே எடை போடுவதுதான். ஊருக்கு வெளியே குவாரிக்குப் போகிற சாலையில், லாரிகளை எடை போடும் எடைமேடையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஜல்லி, மணல், இரும்பு, எது வந்தாலும் காலி வண்டிக்கு ஒரு எடை, சரக்கேற்றிய வண்டிக்கு ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. டிரைவர் இறங்கி நிற்காமல் அவள் சீட்டு அடித்ததே இல்லை. மேடையின் ஓரத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல வானத்தைப் பார்க்கிற கிளீனர்களை ஜன்னலில் இருந்தபடியே திட்டி இறக்கிவிடுவாள். டிரைவர்கள் அவளை எடைக்காரி என்பார்கள். அவள் காதில் விழும் தூரத்தில் என்றால் எடைக்கார அக்கா. வருடத்துக்கு ஒருமுறை அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து சோதனைக் கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து, பத்துக் கிலோ கூடப் பிசகவில்லை என்று முத்திரை குத்திவிட்டுப் போவார். ஆகவே இரண்டு டன் நூற்று முப்பது என்றால் இரண்டு டன் நூற்று முப்பதுதான்.

இருபத்தாறு வயது வரை தம்பி ஐம்பத்தெட்டுக் கிலோ. மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் கட்டுகிற வேலை. எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருந்து பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்ற வேண்டும். கணக்கு மறந்தால் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டியதுதான். அந்த வருடம் அவனுக்குள் நான்கு பேர் குடிவந்தார்கள். ஒருத்தன் அதட்டுகிறவன். ஒருத்தி, அவன் செய்வதையெல்லாம் ரேடியோ செய்தி மாதிரி உடனுக்குடன் வாசிக்கிறவள். மூன்றாமவன் சுற்றுகளைத் தப்புத் தப்பாக எண்ணுகிறவன். நான்காவது ஆள் பேசவே மாட்டான், இருமிக்கொண்டே இருப்பான். மற்ற மூன்று பேரையும் கூட சகித்துக்கொள்ளலாம், அந்த இருமலைத்தான் தாங்க முடியவில்லை என்று தம்பி சொன்னான். நாலு பேர் பேச்சுக்கு நடுவில் சாப்பாடு ஏது, தூக்கம் ஏது? எடை குறைந்துகொண்டே வந்து, கோடைக்காலம் முடிவதற்குள் அவன் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நடக்க ஆரம்பித்தான். கடை முதலாளி நல்ல மனிதர். பையன் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, இடுப்பில் கம்பி உருண்டைகளைக் கட்டிவிட்டு மூன்று மாதம் வேலை வாங்கினார். அப்புறம் அவருக்கும் பொறுமை போய்விட்டது.

அந்தக் குடும்பத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. அப்பாவின் உடன்பிறந்தவர்களில் பாதிப் பேர் லேசானவர்கள், பாதிப் பேர் கனத்தவர்கள். சித்தப்பாவுக்கும் குரல்கள் கேட்டன. அந்தக் காலத்தில் மாத்திரை என்று யாருக்குத் தெரியும்? கட்டிலோடு சேலையால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு நண்பகலில் துணி துவைப்பதற்காகச் சேலையை அவிழ்த்தபோது ஜன்னல் வழியாகப் போனவர், மின்சாரக் கம்பிகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டார். செருப்பு ஒன்று மட்டும் மூன்று தெரு தள்ளிக் கிடைத்தது. அப்பாவுக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை, சர்க்கரைதான் வந்தது. ஈரச் சிமெண்டில் நடந்தால் கணுக்கால் வரை இறங்குவார். ஒரு காலை எடுத்து, இன்னொரு காலின் விரல்களை எடுத்து, ஐம்பத்தொன்றாம் வயதில் போய்ச்சேர்ந்தார். ஆக, லேசாகப் போவதா கனத்துப் போவதா என்பதுதான் அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு இருந்த கேள்வி. தம்பிக்கு இரண்டும் சேர்ந்து வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்தது. அதைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். முதல் மாதத்தில் அதட்டுகிறவன் அடங்கினான். ஆனால் அவன் வெளியே போகவில்லை, உள்ளேயே படுத்துவிட்டான். படுத்த குரலுக்கு அரை டன் எடை. தம்பி கட்டிலில் உட்கார்ந்ததும் கட்டிலின் நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. அக்கா அவனைக் கூட்டிப்போய், லாரி வராத ஞாயிற்றுக்கிழமை மதியம் மேடையில் நிறுத்தினாள். ஐந்நூற்று நாற்பது. செய்தி வாசிக்கிறவள் ஓய்ந்தபோது ஆயிரத்து அறுபது. எண்ணுகிறவன் நிறுத்தியபோது ஆயிரத்து அறுநூற்றுப் பத்து. இருமுகிறவன் கடைசி வரை மல்லுக்கட்டினான். அவனும் படுத்த அன்று தம்பி, "அக்கா, எவ்வளவு அமைதியா இருக்குதுன்னு உனக்குத் தெரியாது," என்று சொல்லி அழுதான். அக்காவும் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் எரிந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு சீட்டு அடித்தாள். வண்டி எண் என்ற இடத்தில் 'தம்பி'. சரக்கு என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

பார்வைக்கு அவன் சற்றுப் பருத்த ஆள், அவ்வளவுதான். தொப்பை விழுந்தது, கழுத்து கறுத்தது, கன்னம் உப்பியது. மாடிப்படியில் ஏழு படி உடைந்த பிறகு வீட்டுக்காரர் அவர்களைக் கீழ்வீட்டுக்கு மாற்றினார். அங்கே அவன் ஜன்னல் பக்கத்தில் உட்காருகிற இடத்தில் தரை குழிந்து, துடைக்கும்போது தண்ணீர் தேங்கியது. பசி என்றால் அப்படி ஒரு பசி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவன் மறுபடியும் தட்டைத் தேடுவான். அம்மா பிஸ்கட் பாக்கெட்டை அவன் மடியிலேயே வைத்துவிடுவாள். "பத்து மாசம் பட்டினி கெடந்த பிள்ளைடி. இப்ப சாப்பிடுறான், தூங்குறான், யாரையும் திட்டல. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்று அக்காவிடம் எரிந்து விழுவாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது வருடம் அம்மாவே பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். பதினோரே நாள். எடை மளமளவென்று இறங்கியது, படுத்திருந்த நான்கு பேரும் எழுந்து உட்கார்ந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். தம்பி சோற்றுத் தட்டை அப்படியே விட்டு மேலே போய், கூரையில் முதுகு இடிக்க மிதந்துகொண்டு காதைப் பொத்தி அலறினான். அக்கா கொடிக்கயிற்றை வீசிக் காலில் சுருக்கிட்டுத்தான் இறக்கினாள். இரண்டு வாரம் கழித்து அமைதியும் கனமும் ஒன்றாகத் திரும்பி வந்தபோது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மாத்திரைய நிறுத்தாத அக்கா. கால்ல விழறேன். ஆனா இந்தக் கனத்தையும் யாராவது பாக்கச் சொல்லு. அப்பா மாதிரி ஐம்பது வரைக்கும்கூட நான் இழுக்க மாட்டேன் போலிருக்கு." அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு டாக்டர் வேண்டும், அக்கா கேட்டது அது ஒன்றுதான். சொர்க்கத்தைக் கேட்கவில்லை.

மாதாமாதம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு மீசைக்கார டிரைவர் ஒருவர் தன் டிப்பரை ஓட்டிக்கொண்டு வருவார். சோதனைச் சாவடியில் என்ன லோடு என்று கேட்டால், "எங்க எடைக்கார அக்கா தம்பி," என்பார். அவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். மனநலப் பிரிவில் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. குரல் கேட்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. தூக்கம் வருகிறதா? வருகிறது. நல்லாத்தான் இருக்காரு, அடுத்த மாசம் வாங்க. நான்கு நிமிடம். எடைச் சீட்டுகளை அக்கா மேஜையில் பரப்பினால் டாக்டர் அவற்றைத் தொடாமல், "இது நம்ம பிரிவு இல்லம்மா, எதிர் கட்டடத்துல காட்டுங்க," என்பார். எதிர் கட்டடத்தில் இருந்த பொது மருத்துவர், தம்பியின் அட்டையில் மனநலப் பிரிவின் ஊதா முத்திரையைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்வார். "கத்துவாரா?" என்று அக்காவிடம் கேட்பார். "நான் கத்த மாட்டேன் சார்," என்று தம்பி சொல்வான். "மாத்திரையாலதான் இந்த எடை. அங்க கேட்டுட்டு வாங்க." இப்படி ஆறு வருடம் பந்தாடினார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் இருந்த கல் பாவிய முற்றத்தில் தம்பியின் காலடிகள் முழம் ஆழத்துக்குப் பதிந்துவிட்டன. போன தடம் நாற்பத்தேழு, வந்த தடம் நாற்பத்தேழு. மழைக்காலத்தில் காக்கைகள் அதில் குளித்தன. நிர்வாகம் அந்தக் குழிகளைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்து, வழுக்கும் என்று பலகை வைத்தது. அதாவது, பார்க்காமல் இல்லை.

ஐந்தாவது வருடம் ஒரு ஆராய்ச்சியாளர் வீட்டுக்கே வந்தார். பணிவான மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தம்பி, அக்கா, அம்மா மூவரிடமும் ஆளுக்கு இரண்டு குப்பி ரத்தம் எடுத்தார். பெரிய தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று போட்டு, லேசானவர்களை நீலத்திலும் கனத்தவர்களைச் சிவப்பிலும் தீட்டினார். பறந்துபோன சித்தப்பாவுக்கு வயது எத்தனை என்று கேட்டார். பறந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நீலம் அடித்துக்கொண்டார். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்து, "உங்க ரத்தத்துல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. குரலும் சர்க்கரையும் ஒரே மூட்டையில கட்டி வந்த மாதிரி. மாத்திரைக்கு முன்னாடியே அவர் உடம்பு அதுக்குத் தயாரா இருந்திருக்கு. மாத்திரை அத இன்னும் வேகமாக்கிடுச்சு," என்றார். அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அக்கா கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு பார்க்க வேண்டும். எடை கூட்டாத மாத்திரை சேருமா என்று மெதுவாக மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் டாக்டருக்குக் கடிதமாக எழுதிவிடுகிறேன் என்றார். எழுதவும் செய்தார். அக்காவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாக இரண்டு வாய் இறங்கியது. இனி ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டர் கேட்பார் இல்லையா?

இதற்கிடையில் அந்த வீட்டுக்கு என்று ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. ஆரம்ப நாட்களில் மனநல டாக்டர் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார். தம்பி தனக்குக் கேட்கிற குரல்களைப் பற்றிச் சொன்னால் மறுத்துச் சண்டை போடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். 'அப்படியா' என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். நல்ல விதிதான். அம்மாவும் அக்காவும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். குரல்கள் அடங்கிய பிறகும் விதி அடங்கவில்லை. உள்ளங்கால் எரியுதும்மா என்றால் அப்படியா, இந்த சட்டை போட்டுக்கோ. தாகம் தீரவே மாட்டேங்குது என்றால் அப்படியா, மழை வரும் போலிருக்கு. கண் மங்கலா இருக்கு. அப்படியா. வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல், கொட்டாவி மாதிரி, நினைக்காமலே வர ஆரம்பித்தது. எடைமேடையில் ஒரு கிளீனரின் கட்டைவிரலைக்கூட விட்டுவைக்காத அக்கா, வீட்டில் தம்பியின் வாயிலிருந்து வந்த எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை. இதை அவள் பிற்பாடு தன் வாயாலேயே பலபேரிடம் சொன்னாள், திட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே சொன்னாள். யாரும் திட்டவில்லை.

ஒன்பதாவது வருடம், மனநலப் பிரிவின் வராந்தாவில், இரும்பு நாற்காலி வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது. முந்தின ஞாயிற்றுக்கிழமை எடை இரண்டு டன் எண்ணூற்று எழுபது. காலை பதினோரு மணி இருக்கும். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"அக்கா, நெஞ்ச அமுக்குது. இந்தக் கையும் மரத்துப்போச்சு."

"அப்படியா," என்றாள் அக்கா. "தண்ணி குடிக்கிறியா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "டாக்டர், நெஞ்சு வலிக்குதாம், கை மரத்துப்போச்சாம், வந்து பாருங்க. கையெடுத்துக் கும்புடுறேன்." டாக்டர் எழுந்து வரவில்லை, அட்டையைப் புரட்டினார். உடம்புக்குள்ளே ஏதோ செய்கிறது என்று இந்த நோயில் தோன்றுவது சகஜம், கொஞ்சம் படபடப்பு, மருந்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றார். ஒன்றை ஒன்றரையாக்கிச் சீட்டு எழுதினார். எதிர் கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் இரண்டே முக்கால் டன்னுக்கு மேல். டிப்பர் வெளி வாசலில் நின்றது. போய் முதலில் மருந்தை வாங்கிட்டு வாங்கம்மா, வந்ததும் ஒண்ணு போடுங்க என்றார்கள். அக்கா மருந்து வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் பதினான்கு பேர். ஒன்றரை மாத்திரைப் பொட்டலத்தோடு அவள் திரும்பி வந்தபோது தம்பி அதே நாற்காலியில், தலை சுவரில் சாய்ந்தபடி, செத்துப்போயிருந்தான்.

கிரேன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கிரேன் வருவதற்குள், ஒரு பணியாளர் அவன் கையைச் சரியாக வைக்கலாம் என்று தொட்டார்; கை லேசாக வந்தது. இரண்டு பேர் தூக்கினார்கள், சிரமமே இல்லை. பிணவறையில் எடை மெஷின் இருந்தது. அங்கே முதன்முதலாக அந்த ஆஸ்பத்திரி அவனை எடை போட்டது: எழுபத்தொரு கிலோ. இயல்பான உடல் எடை, மாரடைப்பு, முன்பிருந்த நோய் மனநோய் என்று சான்றிதழில் எழுதினார்கள். அக்கா நானூற்றுச் சொச்சம் எடைச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் மேஜையில் கொட்டினாள். "எழுபத்தொண்ணா? எழுபத்தொண்ணா சார்? முத்திர குத்தின மேடை சார் அது!" என்று கத்தினாள். அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். அவன் கோப்பைக் காட்டுங்கள் என்று அடம்பிடித்து வாங்கிப் பார்த்தாள். ஆராய்ச்சியாளரின் கடிதம் நான்கு பக்கமும் அதில் ஒழுங்காகக் கோத்திருந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தார். எடை என்ற கட்டத்தில் மட்டும் ஒன்பது வருடமும் சிறு கோடு.

கனம் எங்கே போயிற்று என்பது மறுநாள் தெரிந்தது. வராந்தாவைக் கழுவ வந்த பெண் வரிசையில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தவள், அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை நகர்த்த முடியாமல் திகைத்தாள். நான்கு பேர் தள்ளினார்கள், எட்டுப் பேர் தள்ளினார்கள், மரம் தூக்குகிற ஜாக்கி வைத்துப் பார்த்தார்கள், ஜாக்கிதான் வளைந்தது. மூன்று நாள் அதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு துடைப்பம் அதைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டது.

அடுத்த வருடம் அக்காவுக்குத் தாகம் ஆரம்பித்தது. அவள் அப்பாவின் கணக்கில் பிறந்தவள், அது அவளுக்குத் தெரிந்ததுதான். எதிர் கட்டடத்துக்குப் போனாள். அதே பொது மருத்துவர். இவளுடைய அட்டையில் ஊதா முத்திரை இல்லை. உட்காருங்கம்மா என்றார். எடை பார்த்தார், இடுப்பை அளந்தார், ரத்தத்துக்கு எழுதினார், செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து இரண்டு உள்ளங்காலையும் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு, தெரியுதா, இங்க தெரியுதா என்று கேட்டார். குடும்பத்துல யாருக்காவது இருக்கா என்றார். "அப்பாவுக்கு இருந்துச்சு. தம்பிக்கும் இருந்துச்சு." அடடா, தம்பிக்கு எத்தனை வயசு, இப்ப எப்படி இருக்காரு, மருந்து ஒழுங்கா சாப்பிடுறாரா என்று அக்கறையாக விசாரித்தார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம் பார்த்தார். அக்கா காலை அவர் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே வந்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த குழிகளைத் தாண்டித் தாண்டி, மனநலப் பிரிவின் வராந்தாவுக்குப் போனாள்.

அங்கே அந்த வருடம்தான் புதுத் தரை போட்டிருந்தார்கள். நகராத நாற்காலியைச் சுற்றி ஓடுகளை வெட்டி வளைத்து, பூச்சு வேலை சுத்தமாக முடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சொத்துப் பட்டியலில் அதற்கு ஒரு எண் கொடுத்து முதுகில் வெள்ளையில் எழுதியிருந்தார்கள். அதில் மாத்திரை உறையை மடியில் வைத்துக்கொண்டு, கன்னம் உப்ப ஆரம்பித்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்த நாற்காலியில்தானா உட்கார வேண்டும் என்று அக்கா கேட்டேவிட்டாள். மற்றதெல்லாம் ஆடுது, ஆடாத நாற்காலி இது ஒண்ணுதான், இதுக்காகவே காலையில் சீக்கிரம் வந்துடுவோம் என்றாள் அந்த அம்மா.